சாம்பல் நிற நாய்களின் முடி உதிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம்பல், வெள்ளி, வெளிர்பழுப்பு நிறத்தில் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதிலில் மருந்தின் அளவு எதையும் சொல்லவில்லை. அதை உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்க நாய்க்கு முதுகுல முடி கொட்டிக்கிட்டே இருக்கு. டாக்டர் "கலர் டைல்யூஷன் அலோபீசியா"ன்னு என்னவோ சொன்னார். அப்படின்னா என்ன?

இது பரம்பரையாக வரும் தோல், முடிக் கோளாறு. அடர் நிறம் வெளிறிப்போன முடியுள்ள நாய்களுக்குத்தான் வரும். நிறத்தை வெளிறவைக்கும் அதே மரபணு மாற்றம், சில நாய்களில் முடியையும் மயிர்க்காலையும் பலவீனமாக்கிவிடுகிறது. முடி உடைந்து உதிர்கிறது, தோல் வறண்டு செதில் செதிலாகிறது. இந்தப் பக்கத்தில் இதைச் சுருக்கமாக சிடிஏ என்றே சொல்கிறேன்.

இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். இந்த இரண்டையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

வெளிறிய நிறம்னா எது? எங்க நாயை "ப்ளூ"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

நாய் வளர்ப்பவர்கள் பேச்சில் ப்ளூ என்றால் ஈயம் பூசினாற்போன்ற சாம்பல் நிறம். கறுப்பு வெளிறினால் ப்ளூ. பழுப்பு வெளிறினால் இசபெல்லா அல்லது லைலாக் என்பார்கள். டாபர்மேனில் அதையே ஃபான் என்பார்கள். லாப்ரடாரில் வெளிறிய சாக்லேட்டுக்கு சில்வர் என்றும் வெளிறிய கறுப்புக்கு சார்கோல் என்றும் பெயர். பெயர் பலவானாலும் அடியில் இருப்பது ஒரே மாற்றம்தான்.

பெயரை நம்பாமல் மூக்கைப் பாருங்கள். கறுப்பு நாயின் மூக்கு, கண் விளிம்பு, உதடு எல்லாம் கறுகறுவென்று இருக்கும். ப்ளூ நாய்க்கு அவையும் சாம்பலாக இருக்கும். கண்ணும் பெரும்பாலும் சற்று வெளிர் நிறம். பக் இனத்தையும் ஃபான் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதன் மூக்கும் முகமும் கறுப்பு. அந்த ஃபானுக்கும் டாபர்மேன் ஃபானுக்கும் சம்பந்தமே இல்லை.

எந்தெந்த ஜாதி நாய்க்கு இது வரும்?

அதிகம் பேசப்படுவது ப்ளூ, ஃபான் டாபர்மேன்கள்தான். டாக்ஸ்ஹண்ட், இத்தாலியன் கிரேஹவுண்ட், விப்பெட், மினியேச்சர் பின்ஷர், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், சௌ சௌ, கிரேட் டேன் ஆகியவற்றிலும் பதிவாகியிருக்கிறது. சில்வர் லாப்ரடார்களிலும் பார்க்கிறார்கள். கலப்பின நாயாக இருந்தாலும் நிறம் வெளிறியிருந்தால் வரலாம். இனத்தைவிட நிறம்தான் முக்கியம்.

குட்டியா வரும்போது வெல்வெட் மாதிரி முடி. எங்க வீட்டுக்கு வந்தப்புறம்தான் இப்படி. நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?

இல்லை. இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்கள்தான் அதிகம். "ஷாம்புவை மாற்றினோம்", "ஒரு வாரம் வெளியூர் போயிருந்தோம், ஏங்கிப்போய்விட்டது" என்று ஏதாவது ஒரு காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். சிடிஏ உள்ள நாய் பிறக்கும்போது நல்ல முடியோடுதான் பிறக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் கோளாறு தலைகாட்டும். குட்டியை வாங்குவது அதற்கு முந்தைய வயதில் என்பதால் எல்லோருக்குமே அது "நம் வீட்டுக்கு வந்த பிறகு" வந்ததாகத்தான் தோன்றும்.

உணவோ குளிப்பாட்டும் முறையோ இதை உண்டாக்காது. தவறான பராமரிப்பு, ஏற்கெனவே இருப்பதை மோசமாக்கலாம், அவ்வளவுதான்.

ஆரம்பத்துல எப்படி இருக்கும்? சாதாரணமா முடி கொட்டுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பருவத்துக்குப் பருவம் முடி கொட்டும்போது உடம்பு முழுக்கக் கொட்டும், கீழேயிருந்து புது முடி வரும், தோல் வெளியே தெரியாது. சிடிஏவில் முதலில் முடியின் மினுமினுப்பு போகும். முதுகுத்தண்டை ஒட்டியும் விலாவிலும் முடி மெலிந்து, தொட்டால் வறவறவென்று இருக்கும். பலர் முதலில் கவனிப்பது பொடுகைத்தான். கறுப்புப் படுக்கையில் நாய் எழுந்துபோன இடத்தில் வெள்ளைத் துகள்கள் கிடக்கும். அப்புறம் முதுகில் சின்னச் சின்னப் பருக்கள், அடைத்துக்கொண்ட மயிர்க்கால்களின் கரும்புள்ளிகள் வரும். மெல்ல மெல்லத் தோல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். தலை, கால், வால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ப்ளூ டாபர்மேன் போல உடம்பு சாம்பலாகவும் புருவம், மார்பு, கால் செம்பழுப்பாகவும் உள்ள நாயில் ஒரு விஷயத்தை நேரில் பார்க்கலாம். முதுகு கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். மார்பிலும் காலிலும் உள்ள செம்பழுப்பு முடியோ ஒரு குறையும் இல்லாமல் அடர்த்தியாக நிற்கும். இரண்டு நிறமும் சேரும் கோட்டில் விரலை வைத்து நகர்த்தினால், ஒரே நாயின் மேல் இரண்டு நாயின் முடி இருப்பது போலத் தெரியும். மருத்துவருக்கும் அது பலமான துப்பு.

முடிக்குள்ள அப்படி என்னதான் ஆகுது?

முடிக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல், மெலனினைப் பொடிப்பொடியான பொட்டலங்களாகக் கட்டி, தன் கிளைகளின் நுனிவரை அனுப்பி, வளரும் முடிக்குள் சீராகப் பரப்ப வேண்டும். அந்தப் போக்குவரத்துக்குத் தேவையான புரதங்களில் ஒன்று மெலனோஃபிலின். அதற்கான எம்எல்பிஹெச் மரபணுவில் பிழை இருந்தால் பொட்டலங்கள் நுனிக்குப் போகாமல் நடுவிலேயே தேங்கி, பெரிய கட்டிகளாகச் சேர்ந்துவிடும். மெலனின் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக இருப்பதால்தான் கறுப்பு முடி நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது.

நிறம் மாறுவதோடு நின்றால் பிரச்சினை இல்லை. சிடிஏ நாயின் முடியை நுண்ணோக்கியில் பார்த்தால், கயிற்றில் அங்கங்கே முடிச்சுப் போட்டது போல மெலனின் கட்டிகள் முடியைப் புடைக்கவைத்திருக்கும். புடைத்த இடத்தில் முடியின் மேலுறை கிழிந்து, அங்கேயே உடையும். நாளாக ஆக மயிர்க்காலும் விரிந்து, செத்த தோல் செல்களால் அடைபட்டு, சுருங்கிப்போகும். முதுகில் பார்க்கும் கரும்புள்ளிகள் அப்படி அடைபட்டவைதான்.

செம்பழுப்பு, மஞ்சள் முடிகளில் இருப்பது வேறு வகை மெலனின். இந்தக் கட்டிகளின் தொல்லை அதில் பெரிதாக இல்லை. முந்தைய பதிலில் சொன்ன மார்பு முடி தப்பித்ததற்குக் காரணம் அதுதான்.

இது தொத்துமா? வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு.

தொற்றாது. குழந்தைக்கும் வராது, வீட்டில் உள்ள மற்ற நாய்க்கும் வராது. ஆனால் ஒன்று: "இது சிடிஏதான்" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பார்ப்பதற்கு இதுபோலவே இருக்கும் படர்தாமரை, மனிதர்களுக்கும் பரவும் பூஞ்சைத் தொற்று. மருத்துவர் அது இல்லை என்று சொல்லும்வரை குழந்தையைச் சற்றுத் தள்ளியே வைப்பது நல்லது.

நாய்க்கு அரிக்குமா, வலிக்குமா?

முடி உதிர்வதால் மட்டும் அரிப்போ வலியோ இருக்காது. சொறிய ஆரம்பித்தால் அதன்மேல் வேறொன்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அடைபட்ட மயிர்க்காலில் பாக்டீரியா புகுந்து சீழ்ப்பரு வந்திருக்கும். நாய்த் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைதான் வழக்கமான குற்றவாளி. சிவப்பு, துர்நாற்றம், பொருக்கு, ஓயாத நக்கல் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இந்த நாய்களுக்கு உண்மையான துன்பம் சொட்டையால் வருவதில்லை, இந்தத் தொற்றால்தான் வருகிறது.

நிறத்தைப் பார்த்தாலே தெரியுதே. எதுக்கு இத்தனை டெஸ்ட் எழுதுறாங்க?

சாம்பல் நாய்க்கும் சாதாரண நோய்கள் வரும் என்பதால்தான். "ப்ளூ நாய், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டு, குணப்படுத்தக்கூடிய நோயைத் தவறவிடுவது நிஜமாகவே நடக்கிறது. தோலைச் சுரண்டிப் பார்ப்பது டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சிக்காக. இளம் நாய்களுக்கு முடி கொட்ட அது மிகச் சாதாரணமான காரணம், மருந்தும் உண்டு. பூஞ்சைப் பரிசோதனை படர்தாமரைக்காக. பருவை ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பாக்டீரியாவுக்கும் ஈஸ்ட்டுக்கும். நடுவயது நாயாக இருந்தால் தைராய்டு குறைபாடு, உடம்பில் கார்டிசால் ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோய் இரண்டையும் யோசிப்பார்கள். அவற்றிலும் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அரிப்பில்லாமல் முடி கொட்டும்.

அப்புறம் முடியைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை. அதில் மெலனின் கட்டிகள் தெரியும். ஆனால் கட்டி தெரிந்தாலே சிடிஏ என்று ஆகாது. நல்ல முடியோடு இருக்கும் வெளிறிய நிற நாய்களிலும் கட்டிகள் இருக்கும். கட்டிகள் முடியைப் புடைக்கவைத்து உடைக்கின்றனவா, அது நாயின் தோற்றத்தோடு பொருந்துகிறதா என்பதைச் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். சந்தேகம் தீராவிட்டால் சின்னத் தோல் துண்டு எடுத்து பயாப்சி.

தைராய்டு பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. கடுமையான தோல் தொற்று போன்ற வேறு நோய்கள் இருக்கும்போதும் ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு குறைந்து காட்டும். அதனால் முதலில் தொற்றைச் சரிசெய்துவிட்டு, டி4 உடன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு டி4 எண்ணை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க மாத்திரை கொடுக்கச் சம்மதிக்காதீர்கள், மேற்கொண்டு கேளுங்கள்.

போன முடி திரும்பி வருமா?

சிடிஏவால் போனது பெரும்பாலும் வராது. தொற்றால் கூடுதலாகக் கொட்டியிருந்தால், தொற்று ஆறியதும் அந்தப் பங்கு கொஞ்சம் திரும்பும். மருந்து வேலை செய்ததாகச் சொல்லப்படும் கதைகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அப்போ மருந்தே கிடையாதா? மெலடோனின் குடுத்தா வளரும்னு கேள்விப்பட்டேன்.

அடிப்படைக் கோளாறை மாற்றும் மருந்து இல்லை. தூக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோனான மெலடோனினைச் சில மருத்துவர்கள் முயன்று பார்க்கிறார்கள். சில நாய்களில் ஓரளவு முடி வந்திருக்கிறது, பல நாய்களில் ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவர் சொன்னால் முயலலாம், பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். மனிதர்களுக்கான மெலடோனின் மிட்டாய்களை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை இல்லாத சில மெல்லும் மாத்திரைகளில் சைலிட்டால் இருக்கும். அது நாய்க்குக் கடுமையான விஷம்.

வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்துகளைச் சில சமயம் தோல் நிபுணர்கள் தருவார்கள். அவை கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரையை அவர்கள் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எந்த ஷாம்பு போடணும்? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

நம் கையில் உண்மையிலேயே இருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோலில் தொற்று இல்லாமல் வறட்சியும் செதிலும் மட்டும் இருந்தால் ஓட்மீல், கிளிசரின் போன்றவை உள்ள மென்மையான நாய் ஷாம்பு போதும். பருக்கள் வந்துபோகிற நாய்க்குக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்புவை மருத்துவர் சொல்வார். பென்சாயில் பெராக்சைடு மயிர்க்கால் அடைப்பை நன்றாகக் கழுவும், ஆனால் தோலை மிகவும் உலர்த்தும். ஏற்கெனவே வறண்ட தோல் என்பதால் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த ஷாம்பு என்பதைவிட எப்படிப் போடுகிறோம் என்பது முக்கியம். வெதுவெதுப்பான நீர், சூடு வேண்டாம். மருந்து ஷாம்புவைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட வேண்டும். பத்து நிமிடம் என்பது ஈரத்தில் நிற்கும் நாய்க்கும் நமக்கும் நீண்ட நேரம்தான். பக்கத்தில் கடிகாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் மூன்றே நிமிடத்தில் கழுவிவிடுவோம். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, முடி அங்கேயே உடையும். உள்ளங்கையால் முடி சாயும் பக்கமாகத் தடவினால் போதும். நுரை மிஞ்சாமல் அலசி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் நாய்களுக்கான ஈரப்பத ஸ்ப்ரேயோ கண்டிஷனரோ போடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது தோலைப் பொறுத்தது. தொற்று இருக்கும்போது வாரம் ஓரிருமுறை சொல்வார்கள், அடங்கிய பிறகு இடைவெளியைக் கூட்டலாம். குளிப்பாட்டிய மறுநாளே செதில் கூடினால் ஷாம்பு கடுமையாக இருக்கிறது அல்லது சரியாக அலசவில்லை.

எண்ணெய் தேய்ச்சு விட்டா வறட்சி போகாதா?

மேலே மினுமினுக்கும், ஆனால் அடைபட்ட மயிர்க்காலின் மேல் பிசுக்கும் தூசியும் சேரும், நாயும் நக்கிக்கொண்டே இருக்கும். நான் பரிந்துரைப்பதில்லை. டீ ட்ரீ எண்ணெய் போன்ற வாசனைத் தைலங்கள் கண்டிப்பாகக் கூடாது, அவை தோல் வழியாகவும் நக்குவதாலும் நாய்க்கு நஞ்சாகும்.

சாப்பாட்டை மாத்தணுமா?

சிடிஏவுக்கென்று தனி உணவு இல்லை. சரிவிகித உணவு கொடுத்தால் போதும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் தோலின் வறட்சிக்கும் அழற்சிக்கும் ஓரளவு உதவும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும், எடையும் ஏறும். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி நிறைய இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொடுக்காதீர்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார். போடலாமா?

சிடிஏவுக்கு ஸ்டீராய்டால் பயனில்லை. அரிப்பு இருந்திருந்தால் இரண்டு நாள் அடங்கும், அதைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று தோன்றும். தொடர்ந்து போட்டால் ஸ்டீராய்டே முடியை மெலியவைத்து, தோலைக் காகிதம் போல் ஆக்கி, கரும்புள்ளிகளைக் கொண்டுவரும். மேலே சொன்ன டெமோடெக்ஸ் இருந்து அதைக் கண்டுபிடிக்காமல் ஊசி போட்டால் நிலைமை படுமோசமாகிவிடும். பரிசோதனைக்கு முன் ஊசி என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஷேவ் பண்ணிட்டா புது முடி அடர்த்தியா வருமா?

வராது. பிரச்சினை மயிர்க்காலில் இருக்கிறது. மிச்சமிருக்கும் முடியும் போய், கத்தி பட்ட இடத்தில் தொற்றுதான் வரும்.

வெயில்ல, குளிர்ல என்ன பண்றது?

முடி இல்லாத முதுகுக்கு வெயில் நேரடியாகப் படும். தோல் எரிந்து சிவக்கும். வருடக்கணக்கில் அப்படி விட்டால் வெயிலால் வரும் தோல் சேதத்துக்கும் கட்டிகளுக்கும் வழி உண்டு. உச்சி வெயில் நேரத்தைத் தவிர்த்து நடக்கக் கூட்டிப்போவதும், மெல்லிய பருத்திச் சட்டை போடுவதும் நல்லது. சன்ஸ்கிரீன் தேவைப்பட்டால் நாய்களுக்கென்றே தயாரானதை மட்டும் வாங்குங்கள். மனிதர்களுக்கான பலவற்றில் ஜிங்க் ஆக்சைடும் சாலிசிலேட்டும் இருக்கும், நாய் நக்கி விழுங்கினால் ஆபத்து.

குளிரில் கதகதப்பான உடை, தரைக்கு மேல் உயர்த்திய படுக்கை. உடையை அடிக்கடி துவைத்து, ஈரமில்லாமல் உலர்த்திப் போடுங்கள். அக்குளிலும் கழுத்திலும் உரசுகிறதா என்று தடவிப் பாருங்கள், உரசிய இடத்தில்தான் அடுத்த பரு வரும்.

மரபணு டெஸ்ட்ல "டி டி"ன்னு வந்திருக்கு. எங்க நாய்க்கு முடி கண்டிப்பா கொட்டுமா?

கண்டிப்பாக இல்லை. நிறத்தை வெளிறவைக்கும் மரபணு மாற்றத்தைச் சின்ன ஆங்கில எழுத்து டி (d) என்று குறிப்பார்கள். "டி டி" என்றால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்திருக்கிறது. அந்தச் சோதனை சொல்வது நாயின் நிறம் வெளிறியது என்பதை மட்டும்தான். அதை நீங்கள் மூக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள். சின்ன டி இரண்டு இருந்தால்தான் சிடிஏ வர முடியும், ஆனால் இரண்டு இருக்கும் எல்லா நாய்க்கும் வருவதில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்லும் தனிச் சோதனை இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் குழப்பமானது. எம்எல்பிஹெச் மரபணுவில் நாய்களின் நிறத்தை வெளிறவைக்கும் முக்கியமான மாற்றம் 2007-ல் வெளியானது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று சௌ சௌ, ஸ்லூகி, தாய் ரிட்ஜ்பேக் போன்ற இனங்களில் காணப்பட்டது. முதல் மாற்றத்தை மட்டும் சோதிக்கும் இடத்தில், கண்ணெதிரே சாம்பலாக நிற்கும் நாய்க்கு "இல்லை" என்று முடிவு வரலாம். எத்தனை வகையைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வீமரனர் எல்லாமே இந்த நிறம்தானே? அதுக்கெல்லாம் முடி நல்லாத்தானே இருக்கு?

நல்ல கேள்வி. வீமரனர் இனம் முழுவதுமே வெளிறிய நிறம், ஆனாலும் அவற்றுக்குச் சிடிஏ பொதுவாக வருவதில்லை. பூனைகளை எடுத்துக்கொண்டால் ரஷ்யன் ப்ளூ போன்றவற்றின் சாம்பல் நிறத்துக்கும் காரணம் இதே எம்எல்பிஹெச் மரபணுதான், அவற்றின் முடிக்கு ஒரு குறையும் இல்லை. ஆக, நிறம் வெளிறுவது முதல் படி மட்டுமே. முடி உதிர அதற்கு மேல் வேறு மரபுக் காரணங்களும் சேர வேண்டும் என்றே கருதப்படுகிறது. இனத்துக்கு இனம் ஆபத்து மாறுவதும், ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு ப்ளூ குட்டிகளில் ஒன்றுக்கு லேசாகவும் மற்றொன்றுக்குக் கடுமையாகவும் வருவதும் அதோடு பொருந்துகிறது.

அப்பா அம்மா ரெண்டுமே கறுப்பு. சாம்பல் குட்டி எப்படிப் பிறந்துச்சு?

இரண்டும் ஆளுக்கொரு சின்ன டியை மறைவாக வைத்திருந்தன. ஒற்றைச் சின்ன டி இருந்தால் நிறம் மாறாது, முடியும் கொட்டாது, அந்த நாய் வெறும் கடத்தி. அப்படி இரண்டு கடத்திகள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதற்காக எட்டுக் குட்டியில் சரியாக இரண்டு என்று கணக்குப் போட வேண்டாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம், நான்கும் வரலாம். வெளிறிய நாயோடு வெளிறிய நாயைச் சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் வெளிறியவைதான். இங்கே மரபணுச் சோதனை உண்மையிலேயே பயன்படும், ஏனென்றால் கடத்தியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எங்களோடது ப்ளூ மெர்ல். அதுக்கும் வருமா?

பெயரில்தான் ப்ளூ. மெர்ல் என்பது பிஎம்இஎல் என்ற வேறொரு மரபணுவின் வேலை. சாம்பல் பின்னணியில் கறுப்புத் திட்டுகள் இருக்கும், மூக்கும் கறுப்பாகவே இருக்கும். அந்த நாய்க்குச் சின்ன டி இரண்டும் தனியாக வந்து சேர்ந்தால் ஒழிய சிடிஏ வராது. மெர்லுக்கு இருக்கும் கவலை வேறு: இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் காது கேட்காத, கண் குறையுள்ள குட்டிகள் பிறக்கலாம். கெர்ரி ப்ளூ டெரியரும் இந்தக் கணக்கில் வராது. அது கறுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பலாகிறது. சிடிஏவுக்குரிய சாம்பல் பிறவியிலேயே இருக்கும்.

கறுப்பு-வெள்ளை குட்டி. கறுப்புத் திட்டுல மட்டும் முடி இல்ல, வெள்ளையில நல்லா இருக்கு. இதுவும் அதேதானா?

நெருங்கிய உறவு. கறுப்பு முடி மயிர்க்கால் கோளாறு என்று இதைத் தனியாகச் சொல்கிறார்கள். லார்ஜ் மன்ஸ்டர்லாண்டர் இனத்தில் இதற்கும் எம்எல்பிஹெச் மரபணுவுக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்திருக்கிறது. சிடிஏவிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது வயது. பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பித்து, குட்டிப் பருவத்திலேயே திட்டுகளில் முடி போய்விடும். பராமரிப்பு மேலே சொன்னதேதான்.

"அபூர்வ நிறம்"னு கூடுதல் விலை கேக்குறாங்க. வாங்கலாமா?

அந்த நிறத்துக்காகக் கூடுதலாக ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலைதான் அடுத்த முறை இரண்டு ப்ளூ நாய்களைச் சேர்க்கத் தூண்டுகிறது. அப்படிப் பிறக்கும் குட்டியின் அழகு அது விற்றுப்போகும் வயதுவரை நன்றாகவே இருக்கும்; முதுகு வெறுமையாகும்போது விற்றவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

மனம் அந்தக் குட்டியிடம்தான் போகிறது என்றால், குட்டியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அதே வழியில் வந்த, அதே நிறமுள்ள, மூன்று வயது தாண்டிய நாய்களைக் காட்டச் சொல்லுங்கள். முதுகைக் கையால் தடவிப் பாருங்கள். காட்டத் தயங்குகிறார்கள் என்றால் அதுவே பதில்.

எங்க ப்ளூ நாய்க்கு மூணு வயசு ஆகியும் முடி நல்லாவே இருக்கு. அப்போ குட்டி போட வைக்கலாமா?

அதற்கு வரவில்லை என்பதால் அதன் குட்டிகளுக்கு வராது என்று சொல்ல முடியாது. வீமரனர் பற்றிய பதிலில் சொன்ன, நம்மால் சோதிக்க முடியாத அந்த மற்ற காரணங்கள் அதனிடம் பாதி இருந்து, ஜோடியிடமிருந்து மீதி வந்து சேரலாம். சிடிஏ உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. அதே ஜோடியில் பாதிக்கப்பட்ட குட்டி பிறந்திருந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவும் கூடாது. ஒற்றைச் சின்ன டி மட்டும் உள்ள நல்ல நாயை ஒதுக்க வேண்டியதில்லை; சின்ன டி இல்லாத ஜோடி தேடினால் வெளிறிய குட்டி பிறக்காது.

அஞ்சு வருஷமா முதுகுல மட்டும்தான் இருந்துச்சு. இப்போ வாலும் மார்பும் சேர்ந்து கொட்டுது, குண்டாயிட்டான், எந்நேரமும் படுத்தே கிடக்கான். நோய் முத்திடுச்சா?

சிடிஏ தோலையும் முடியையும் தாண்டிப் போகாது. எடை கூடுவதும் சோர்வும் அதன் அறிகுறிகள் இல்லை. இதுவரை தப்பித்திருந்த செம்பழுப்பு மார்பு முடியும் உதிர்கிறது என்றால், புதிதாக வேறொன்று வந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சந்தேகம் தைராய்டு குறைபாடு. தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, வயிறும் தொங்குகிறது என்றால் குஷிங் நோய். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால் சுறுசுறுப்பு சில வாரங்களில் திரும்பும், முடிக்குச் சில மாதங்கள் ஆகும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய படங்கள் இருந்தால் எடுத்துப்போங்கள். எந்த முடி எப்போது போனது என்பதை அவர் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பழைய சிடிஏ எதுவரை, புதிய நோய் எங்கிருந்து என்று பிரிக்க அது பெரிதும் உதவும். முதுகு முடி வராவிட்டாலும், சிகிச்சைக்குப் பிறகு வாலிலும் மார்பிலும் முளைத்தால் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.